சீர்த்தட்டில் வந்த ரூட்டர்

சிம்பாங் பூலாய்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஜெயபாலன் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை கலாதேவியின் கணவன் தனேஸ்வரன் எழுதிக்கொள்வது. காம்பாரில் தாங்களும் அக்காவும் ஹேண்ட்போன் கடையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுக்கு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் ஹாலில் எழுதத் தொடங்கியதைச் சமையலறைக்குப் போய் முடிப்பதற்குள், அது போய்ச் சேர்ந்ததா, பாதி வழியில் நிற்கிறதா என்று எழுதியவனுக்கே தெரியாத வீட்டில் நான் குடியிருக்கிறேன். தபால்காரர் அப்படி இல்லை. அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பை, ஒரு மேலதிகாரி. கொடுத்தால் வந்து சேரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு நடந்த ஆர்டன் தோட்டத்து மாரியம்மன் கோவில் தலைவர் தேர்தலில் நான் தோற்றேன். ஒரே ஒரு ஓட்டில் தோற்றேன். அந்த ஒரு ஓட்டு வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது. நான் போட வேண்டிய ஓட்டை என்னால் போட முடியவில்லை. போட்டிருந்தால் இரண்டு பக்கமும் சமமாகியிருக்கும். சமமானால் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது நம் கோவில் வழக்கம். அம்மன் என்னைக் கைவிட்டிருக்க மாட்டாள். அவளைக் கேட்பதற்கே வழியில்லாமல் செய்தது, மச்சான், தாங்கள் சீர்த்தட்டில் வைத்துக் கொடுத்த ரூட்டர்.

ஒரு கோவில் தலைவர் பதவி போனதற்கா இத்தனை பேச்சு என்று நினைக்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் நான் துணைத் தலைமையாசிரியராகவே இருந்து, எனக்குக் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தவர் தலைமையாசிரியராகி, அவருக்கே நான் மாலை போட்டு, பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன். கூட்டுறவுச் சங்கத்தில் துணைச் செயலாளர். பழைய மாணவர் சங்கத்தில் துணைப் பொருளாளர். இப்படியே போனால் சுடுகாட்டிலும் என்னை இன்னொருவருக்குத் துணையாகத்தான் படுக்க வைப்பார்கள். ஒரே ஒரு நாற்காலியாவது முழு நாற்காலியாகக் கிடைக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டது தப்பா?

அதுவும் யாரை எதிர்த்து? பத்துமலை என்கிறவரை எதிர்த்து. தோட்டத்தை வாங்கிய வீடமைப்புக்காரர்கள் மரங்களைத் தள்ளி, கோவிலைப் பெரிய ரோட்டோரம் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். லாரி வைத்திருக்கிறார், அதனால் தலைவர். வந்ததும் முதல் வேலையாக ரோட்டுப் பக்கம் ஒரு தோரண வாயில் கட்டினார். அதன் உயரத்துக்கு, பக்கத்திலிருக்கும் சீனர் டயர் கடை மூன்றை அடுக்கலாம். ஆனால் கோவிலில் ஒரு கழிப்பறை கிடையாது. திருவிழா அன்று பெண்கள் பால்குடத்தை இறக்கிவைத்துவிட்டு, நாலு தட ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கத்து பெட்ரோல் நிலையத்தில் சாவி வாங்கிக்கொண்டு போகிறார்கள். தங்கள் தங்கையும் அப்படித்தான் போனாள். இதை நான் கூட்டத்தில் எழுந்து கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "சார், ஆர்ச்சு கட்டுனா ரோட்டுல போறவனுக்கு நம்ம கோயிலு தெரியும். ஜம்பான் கட்டுனா யாருக்கு லா தெரியும்?" அன்றே முடிவு செய்தேன், இந்த மனிதரை இறக்குவது, அந்தக் கழிப்பறையைக் கட்டுவது என்று.

இப்போது தங்கள் ரூட்டருக்கு வருகிறேன். தை மாதம் எங்கள் புதுமனை புகுவிழாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர் கொண்டு வந்தீர்கள். மற்ற வீட்டு அண்ணன்மார் குத்துவிளக்குக் கொண்டு வருவார்கள், ஃபேன் கொண்டு வருவார்கள், மிஞ்சிப்போனால் ஒரு ரைஸ் குக்கர். தங்கள் தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், சேலை, அதற்கு நடுவில் ஆறு கொம்போடு ஒரு கறுப்புப் பெட்டி, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டில் ஏற்கெனவே இன்டர்நெட் கம்பெனிக்காரன் வைத்துவிட்டுப் போன பெட்டி ஒன்று வாசல் பக்கத்து ஹாலில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அது போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐயர் பார்த்தார், அக்கா போட்டோ எடுத்தார், கலா என் காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டேன். சீர் வந்த சாமான் சாமிப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று தாங்கள் அதைப் பின்பக்கம் சமையலறையை ஒட்டிய சாமி அலமாரியில் வைத்தீர்கள். ஹாலிலிருந்து கூரையோரமாக ஒரு வயர் இழுத்தீர்கள். எந்த ஓட்டையில் சொருகுவது என்று நான் கேட்டதற்கு, "ஓட்டை எல்லாம் ஒண்ணுதான் லா மாப்ள" என்றீர்கள். கடை வைத்திருப்பவர் சொல்கிறாரே என்று நம்பினேன்.

ஓட்டை எல்லாம் ஒன்று இல்லை மச்சான். அதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்து, இந்த மரங்கள் உனக்கு, அந்த மரங்கள் அவனுக்கு என்று அனுப்புவார். ரூட்டர் செய்வதும் அதேதான். வீட்டில் உள்ள போன், டிவி, பிரிண்டர் எல்லாம் காலையில் வந்து நிற்க, ஆளுக்கொரு எண் கொடுத்து, இந்தப் பக்கம் போ என்று வழி காட்டும். பெரட்டுக்கு ஒரு கங்காணி போதும். தாங்கள் சொருகிய விதத்தில் எங்கள் வீட்டுப் பெரட்டில் இரண்டு கங்காணி நின்றார்கள். யார் முதலில் கூப்பிடுகிறாரோ அவரிடம் போனது சாமான். கம்பெனிக் கங்காணியிடம் போனவை பிழைத்தன. தங்கள் கங்காணியிடம் போனவற்றுக்கு அவர் எண்ணும் கொடுத்து, வழியும் காட்டி, மரமே இல்லாத காட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு இந்த வீட்டில் நடந்ததை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. போனில் கோடுகள் நிறைய நிற்கும், உள்ளே ஒன்றும் வராது. காலையில் ஓடிய டிவி, மின்சாரம் போய்வந்தால் ஓடாது, அதே நேரம் அதுவரை ஓடாத என் மடிக்கணினி ஓடும். நான் சந்தோஷப்பட்டு டிவியை அணைத்துப் போட்டால் இரண்டும் படுத்துக்கொள்ளும். கலா வெள்ளிக்கிழமை தோறும் சாமிக்குச் சந்தனம் வைக்கிற கையோடு தங்கள் பெட்டிக்கும் மூன்று பொட்டு வைத்து, சாம்பிராணியும் காட்டினாள். பெட்டி சூடாகி மூச்சு விடுவதற்கென்று வைத்திருக்கும் துளைகளில்தான் அந்தச் சந்தனம் போனது. கேட்டால், "நீங்க திட்டுற திட்டுக்கு அது ஓடுறதே சாமி புண்ணியம்" என்றாள். கம்பெனிக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் அணைத்துப் போடச் சொல்லி, போட்டு, மறுபடி அணைக்கச் சொல்லி, கடைசியில் வீட்டில் எத்தனை ரூட்டர் என்று கேட்டாள். இரண்டு என்றேன். இரண்டு குடும்பம் வைத்திருப்பவனிடம் பேசுகிற குரலில், ஏதாவது ஒன்றை விட்டுவிடுங்கள் என்றாள்.

விட்டிருப்பேன். கம்பெனிப் பெட்டியை எடுக்க முடியாது, வெளியிலிருந்து லைன் வருவதே அதற்குள்தான். எடுத்தால் தங்கள் பெட்டியைத்தான் எடுக்க வேண்டும். கலாவிடம் சொன்னேன். சீர் வந்த சாமானைக் கழற்றிவைத்தால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. சரி, எடுக்க வேண்டாம், படித்தவன் ஒரு வழி கண்டுபிடிக்கிறேன் என்று படித்தேன். வழி இருந்தது. தங்கள் பெட்டி எண் கொடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, கம்பெனிப் பெட்டி சொன்னபடி கேட்டு, சிக்னலை மட்டும் பின்பக்கம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கென்று உள்ளே ஒரு பொத்தானே இருக்கிறது. அமுக்கினால் தீர்ந்தது. அமுக்கப் போகிற நேரத்தில், இது என்ன செய்யும் என்று கலா கேட்டாள். நானும் உண்மை பேசுகிறவன், சொல்லிவிட்டேன்.

"அப்போ எங்க அண்ணன் பொட்டி ஒங்க பொட்டிக்கு வேலக்காரனா?"

வேலைக்காரன் இல்லை, ஒத்தாசை என்றேன். கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்ததற்கு, குங்குமம் வைத்துச் சபையில் கொடுத்தது ஒத்தாசையா என்றாள். பொத்தானை அமுக்கவில்லை. தங்களுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள். தாங்கள் கடையில் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டே, வயரை நீல ஓட்டைக்கு மாற்று, இரண்டு பெட்டிக்கும் ஒரே பேர், ஒரே கடவுச்சொல் வை, "ஒரே குடும்பம்தானே மாப்ள" என்று முடித்துவிட்டீர்கள்.

நியாயமாகச் சொல்கிறேன், அதன் பிறகு இரண்டு பக்கமும் இன்டர்நெட் வந்தது. ஆனால் ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு குடும்பம் ஆகிவிட்டது. ஹாலில் இருக்கிற பிரிண்டரைச் சமையலறைப் பக்கத்துப் போன் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்கிறது. என் போன் ஹாலில் கம்பெனிப் பெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும். படுக்கையறைக் கதவைத் தாண்டியதும் அந்தக் கையை உதறிவிட்டுத் தங்கள் பெட்டியின் கையைத் தேடும். இரண்டுக்கும் ஒரே பேர் அல்லவா, அதற்கென்ன தெரியும் பாவம். செய்தி படிக்கிறவனுக்கு இது ஒன்றுமில்லை. பேசிக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த இடத்தில் பேச்சு அறுந்துபோகும்.

எனக்கு அறுந்த இடம் தேர்தல்.

தோட்டத்து ஆட்கள் பாகான் செராயிலிருந்து ஜொகூர் வரை சிதறிப்போனதால் கோவில் ஆண்டுக்கூட்டம் இப்போதெல்லாம் வீடியோவில்தான். போன ஞாயிறு நான் மேலே வெள்ளைச் சட்டை, கீழே கைலி கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீறோடு ஹாலில் போனும் கையுமாக நின்றேன். கலாவும் உறுப்பினர்தான், அவளுக்கும் ஒரு ஓட்டு. அடுப்பில் கறி கிடக்கிறது, நான் பின்பக்கமிருந்தே என் போனில் வருகிறேன் என்றாள். நல்லதாகப் போயிற்று, வீட்டிலேயே இரண்டு ஓட்டு என்று கணக்குப் போட்டேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். பேச ஆரம்பித்தேன். மச்சான், எனக்கு நின்ற இடத்தில் பேச வராது. காலமெல்லாம் வகுப்பில் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடந்து பேசிய கால். உட்கார வைத்தால் கருத்தும் உட்கார்ந்துவிடும். ஹாலில் கணக்கறிக்கையைக் கிழித்தேன். படுக்கையறை வாசலில் தோரண வாயிலைக் கிழித்தேன். கழிப்பறைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே சமையலறைப் பக்கம் கால் வைத்தேன், அறுந்தது.

ஓடி ஹாலுக்கு வந்து மறுபடி நுழைந்தால், காத்திருங்கள், கூட்டத்தை நடத்துகிறவர் உங்களை உள்ளே விடுவார் என்று எழுதியிருக்கிறது. நடத்துகிறவர் யார்? பத்துமலை. அவர் ஆற அமர உள்ளே விட்டுவிட்டுக் கேட்கிறார், "வந்துட்டீங்களா சார்? கழிப்பறைக்கு வாரேன்னு சொல்லிட்டு நெசமாவே போயிட்டீங்களோன்னு பார்த்தோம்." அத்தனை சதுரங்களிலும் சிரிப்பு. நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். கோபத்தில் இன்னும் வேகமாக நடந்தேன். மறுபடி அறுந்தது. மறுபடி காத்திருங்கள். இந்தத் தடவை உள்ளே விடவே இல்லை. ஓட்டெடுப்பு நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஹாலிலிருந்து கத்தினேன், கலா, நான் வெளியே நிற்கிறேன் என்று அவர்களிடம் சொல் என்று. சொல்றேன், சொல்றேன் என்று பின்பக்கமிருந்து குரல் வந்தது. கடைசியில் கதவு திறந்து உள்ளே போனால் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்சேபம் தெரிவிக்கக் கையைத் தூக்கினேன். "சார் கை தூக்கிட்டாரு. அப்போ நன்றியுரை சார்தான்" என்றார் பத்துமலை. நன்றி சொன்னேன் மச்சான். என்னை ஒரு ஓட்டில் தோற்கடித்தவருக்கு, அவருடைய தோரண வாயிலையும் சேர்த்து, கைலியோடு நின்று நன்றி சொன்னேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். கொடுத்தவர் கையால்தான் சீரை எடுக்கலாம் என்கிறாள் கலா. தாங்கள் நேரில் வந்து அந்த ஆறு கொம்பையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். போவதற்கு முன், இன்னாருடைய ஓட்டு விழாமல் போனதற்கு நான் வைத்த ரூட்டரே காரணம் என்று கோவில் நிர்வாகத்துக்குத் தாங்கள் சொல்ல வேண்டும். சொன்னால் மறுதேர்தல் கேட்பேன். சொல்லாவிட்டால், மச்சான் என்று பார்க்காமல், வரும் தீபாவளிக்குக் காம்பாருக்கு வருவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

எழுதியதில் கடுமை இருந்தால் அது விஷயத்தின் கடுமையே அன்றி என் மனதினுடையது அல்ல. அக்காவின் முழங்கால் வலிக்கு நான் சொன்ன எண்ணெயைத் தொடர்ந்து தடவச் சொல்லவும். ஆர்டன் தோட்டத்து மாரியம்மன், யார் தலைவராக இருந்தாலும், தங்கள் குடும்பத்தையும் கடையையும் காத்து நிற்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை,
தனேஸ்வரன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஆதாரத்தோடு அனுப்பலாம் என்று, கூட்டத்தைப் பதிவு செய்து உறுப்பினர் குழுவில் போட்டிருந்த வீடியோவை இன்று காலை முழுவதுமாகப் பார்த்தேன். நான் வெளியே நின்ற நேரத்தையும் பார்த்தேன். பத்துமலைக்கு ஆதரவானவர்கள் கை தூக்குகிறார்கள். ஒரு சதுரத்தில் முகம் இல்லை. சாமி அலமாரி தெரிகிறது, அதில் மூன்று சந்தனப் பொட்டோடு தங்கள் ரூட்டர், அதற்கு முன்னால் பச்சை வளையல் போட்ட ஒரு கை, கறிக்கரண்டியோடு உயர்ந்து நிற்கிறது. மற்றவர்களின் படமெல்லாம் இடையிடையே உறைந்து உறைந்து வந்தது. அந்தப் படம் மட்டும் ஆடவே இல்லை. நான் கணக்கு வாத்தியார். ஒரு ஓட்டில் தோற்றவனுக்கு எதிர்ப்பக்கத்து ஓட்டு ஒன்று இந்தப் பக்கம் வந்திருந்தால், தன் ஓட்டே விழாவிட்டாலும் அவன் ஜெயித்திருப்பான். ஆகவே மேலே தங்களைப் பற்றி எழுதியதெல்லாம் தப்பு.

அதோடு முடியவில்லை. ஓட்டெடுப்பு முடிந்ததும் அந்தக் கரண்டி மறுபடி உயர்ந்தது. பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று கலா தீர்மானம் கொண்டுவந்தாள். எனக்குச் சொன்ன பதிலைப் பத்துமலை அவளுக்குச் சொல்லவில்லை. முதல் கையைத் தூக்கியவரே அவர்தான். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. கட்டடக் குழுவுக்கு அங்கேயே ஆள் போட்டார்கள். தலைவி கலாதேவி. துணைத் தலைவர் நான்.

போய்க் கேட்டேன். அவள் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நீங்க தலைவரானா ஊர்ல உள்ள அத்தன பேர்கிட்டயும் சண்ட போடுவீங்க. தோத்தா எங்க அண்ணன் ஒருத்தர்கிட்டதான். அவரு தாங்குவாரு."

அப்படியானால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். "கிழிக்காதீங்க. கிழிச்சா அந்தக் கோவம் எங்கிட்டதான் வரும். போஸ்ட் பண்ணுங்க" என்றாள். போஸ்ட் செய்கிறேன், தாங்கவும்.

ரூட்டரை எடுக்க வர வேண்டாம். அந்தப் பொத்தானை அமுக்கும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். கழிப்பறைக்கு இடம் அளக்க நாளைக் காலை எட்டு மணிக்குக் கோவிலில் நிற்க வேண்டும் என்று தலைவி சொல்லியிருக்கிறாள். அளவுநாடாவைத் துடைத்து வைத்துவிட்டேன். பெரட்டுக்கு ஒரு கங்காணி போதும் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வரி மட்டும் தப்பு இல்லை.